வழக்குப் போட முடியாத முதலாளிகள்

அமெரிக்கப் பழங்குடி அரசுகளின் மீது வேலைப் பாகுபாட்டுப் புகார் வந்தால் என்ன ஆகிறது? என்ன ஆக வேண்டும்?

கான்சஸ் மாநிலத்தில் கிக்கப்பூ பழங்குடி அரசு கோல்டன் ஈகிள் என்ற காசினோவை நடத்துகிறது. அதன் பொது மேலாளர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தன்னிடம் பாகுபாடு காட்டிவிட்டார்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கையில் வலுவான ஆதாரம் இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தைப் பின்பற்றுவோம் என்று பழங்குடி அரசே தன் ஊழியர் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. ஆனால் 2011இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத்தைப் பின்பற்றுவோம் என்று சொல்வது ஒன்று, பின்பற்றாவிட்டால் எங்கள் மீது வழக்குப் போடலாம் என்று சம்மதிப்பது வேறு, இரண்டாவது சம்மதம் கையேட்டில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

வெளியிலிருந்து படிப்பவருக்கு இது அநியாயமாகப் படும். நூற்றாண்டுகளாக நிலமும் மொழியும் பிடுங்கப்பட்டு, எஞ்சிய அதிகாரத்தை நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறிக் காத்து நிற்கும் ஒரு சமூகத்துக்கு இதே தீர்ப்பு நியாயமாகப் படும். இரண்டு உணர்வுகளையும் நான் மதிக்கிறேன். பழங்குடி அரசுகளின் இந்தச் சட்டப் பாதுகாப்பு நியாயமானது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே நம்புகிறேன். ஆனால் வேலை இழந்த அந்த மனிதரின் புகாரை யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். வெளியார் கேட்கக் கூடாது என்றால் அந்தப் பொறுப்பு முழுவதும் பழங்குடி அரசின் தலையில்தான் விழுகிறது.

முதலாளி என்ற வரையறைக்கு வெளியே

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதிதான் அமெரிக்காவில் இனம், நிறம், மதம், பால், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 15 பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால் சட்டம் பாயும். ஆனால் யார் முதலாளி என்று வரையறுக்கும் இடத்திலேயே, பழங்குடி அரசு இதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோதும் வேலைவாய்ப்புப் பகுதியில் அதே விலக்கு இடம்பெற்றது. போதாக்குறைக்கு, பழங்குடி நிலத்திலோ அதன் அருகிலோ தொழில் நடத்தும் பிற நிறுவனங்களும் அங்கு வாழும் பூர்வகுடிகளுக்கு வேலையில் முன்னுரிமை தரலாம் என்று 1964 சட்டமே அனுமதிக்கிறது.

இது சலுகை அல்ல. 1831இல் செரோக்கி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் பழங்குடிகளை அமெரிக்காவுக்குள் அதைச் சார்ந்திருக்கும் தேசங்கள் என்று வகைப்படுத்தினார். சார்ந்திருப்பவை, ஆனாலும் தேசங்கள். போலீஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, வீட்டுவசதி, வனம் எல்லாவற்றையும் நடத்தும் ஓர் அரசு, யாரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்வதும் ஆட்சியின் பகுதிதான். 1974இல் கூட்டாட்சி அரசின் பூர்வகுடி விவகாரத் துறையில் பூர்வகுடிகளுக்கு முன்னுரிமை தருவது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அது இன அடிப்படையிலான பாகுபாடு அல்ல, அங்கீகரிக்கப்பட்ட பழங்குடி அரசின் உறுப்பினர் என்ற அரசியல் நிலையை அடிப்படையாகக் கொண்டது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பின்னால் வந்த வழக்குகள் பலவும் இந்தத் தூணில்தான் சாய்ந்து நிற்கின்றன.

சட்ட விலக்கு ஒரு மதில் என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு மதிலும் உண்டு. தன் சம்மதம் இல்லாமல் தன் மீது யாரும் வழக்குத் தொடர முடியாது என்ற அரசின் உரிமை அது. 1978இல் சான்டா கிளாரா பியூப்ளோ வழக்கிலும், 1998இல் கியோவா வழக்கிலும், 2014இல் பே மில்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பழங்குடி நிலத்துக்கு வெளியே நடக்கும் வணிகத்துக்கும் இது பொருந்தும் என்றது கியோவா தீர்ப்பு.

இரண்டு மதில்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபுளோரிடாவின் மிக்கோசுக்கீ வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. பழங்குடிக்குச் சொந்தமான உணவகத்திலும் கேளிக்கை விடுதியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இல்லை என்பது புகார். பொது இடங்களுக்கான சட்டப் பகுதி பழங்குடிக்கும் பொருந்தும், ஆனாலும் தனி நபரோ சங்கமோ அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 1999இல் பதினொன்றாவது வட்டார நீதிமன்றம் தீர்த்தது. கூட்டாட்சி அரசே வழக்குப் போட்டால் அது வேறு கதை. அதன் முன் இந்த இரண்டாவது மதில் நிற்காது. அதனால்தான் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் கூட்டாட்சி அமைப்பான சம வேலைவாய்ப்பு ஆணையத்திலிருந்து வரும் கடிதத்தை எந்தப் பழங்குடி அரசும் அலட்சியப்படுத்த முடியாது.

கடிதம் வந்த பிறகு

பாகுபாட்டுக்கு ஆளானதாக நினைக்கும் ஊழியர் 180 நாட்களுக்குள், பல மாநிலங்களில் 300 நாட்களுக்குள், ஆணையத்தில் புகார் தர வேண்டும். புகார் வந்த 10 நாட்களுக்குள் ஆணையம் முதலாளிக்குத் தகவல் அனுப்புகிறது, பதில் கேட்கிறது. ஆணையம் விசாரணையை முடித்துக் கடிதம் தந்தால், அன்றிலிருந்து 90 நாட்களுக்குள் ஊழியர் நீதிமன்றம் போகலாம்.

ஆணையத்தின் தகவல் கடிதம் கைக்கு வரும்போது பழங்குடி அலுவலகங்களில் இரண்டு தவறுகள் நடக்க வாய்ப்பு உண்டு. ஒன்று, நமக்கு இது பொருந்தாது என்று கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடுவது. நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்த பிறகும் இப்படி இருந்தால் ஆஜராகாதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். பதில் தர வழக்கமான அவகாசம் 21 நாட்கள். வழக்கு விலக்கு உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும், அது தானாக வந்து நிற்பதில்லை. இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது: பதறிப்போய், அந்த ஊழியர் எவ்வளவு மோசம் என்று பத்துப் பக்கம் எழுதி அனுப்புவது. முதல் பதிலில் சொல்ல வேண்டியது நாங்கள் யார் என்பதுதான். கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடிகளின் பட்டியலை உள்துறை வெளியிடுகிறது. அதில் தங்கள் பெயர் இருப்பதைக் காட்டி, சட்டத்தின் வரையறைக்குள் தாங்கள் வரவில்லை என்று எழுதி, இந்தப் பதிலால் எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடவே, சம்பந்தப்பட்ட மின்னஞ்சல், பணிப்பதிவேடு எதையும் யாரும் அழிக்கக் கூடாது என்று உத்தரவு போக வேண்டும்.

பழங்குடி அரசே நேரடி முதலாளி என்றால் வேலை சுலபம். அதன் கிளை நிறுவனம் என்றால்தான் சிக்கல். காசினோ, கட்டுமான நிறுவனம், வீட்டுவசதி வாரியம், பல பழங்குடிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு என்று வடிவங்கள் பல. 39 பழங்குடிகள் சேர்ந்து அமைத்த எரிசக்தி வளக் கூட்டமைப்பும் பழங்குடியாகவே கருதப்படும் என்று 1986இல் பத்தாவது வட்டார நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் அந்த இடம் கிடைத்துவிடுவதில்லை. நிறுவனம் பழங்குடிச் சட்டப்படி உருவானதா, மாநிலச் சட்டப்படி பதிவானதா? எதற்காகத் தொடங்கப்பட்டது? யார் நிர்வகிக்கிறார்கள்? லாபம் யாருக்குப் போகிறது? தன் விலக்கு இந்த நிறுவனத்துக்கும் சேர வேண்டும் என்று பழங்குடி நினைத்ததா? சுக்சான்சி காசினோ வழக்கில் 2010இல் இதே நீதிமன்றம் எடைபோட்டது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். பதில்களைப் புகார் வந்த பிறகு தயாரிக்க முடியாது. நிறுவனத்தைத் தொடங்கும் தீர்மானத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கூட்டாட்சி அரசின் சிறுதொழில் ஒப்பந்தங்களைப் பெறுவதற்காகத் தொடங்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்தத் திட்டத்தில் சேர வேண்டுமானால், திட்டம் தொடர்பான விஷயங்களில் தன் மீது வழக்குப் போடலாம் என்ற சம்மதத்தை நிறுவனத்தின் சாசனத்திலேயே எழுதித் தர வேண்டும். ஒரு கையெழுத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போட வேண்டிய கையெழுத்து அது. அலாஸ்காவின் நிலையும் வேறு. 1971 சட்டப்படி அங்கு உருவான பூர்வகுடி நிறுவனங்களுக்கு ஏழாம் பகுதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் இனப் பாகுபாட்டுக்கு எதிரான பழைய 1866 சட்டத்திலிருந்து வந்த பிரிவு அவற்றின் துணை நிறுவனங்கள் மீது பாயும் என்று நான்காவது வட்டார நீதிமன்றம் 2007இல் முடிவு செய்தது. மற்றப் பழங்குடி அரசுகள் விஷயத்தில் அந்தப் பழைய பிரிவைப் பின்வாசலாக்க முடியாது என்று 1980இலேயே யூட் பழங்குடி வழக்கில் தீர்ப்பு உண்டு.

வயது பற்றி வாய் திறக்காத சட்டம்

உண்மையான போராட்டம் வேறொரு சட்டத்தில் நடக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயதின் பெயரால் ஒதுக்கக் கூடாது என்பது 1967ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பழங்குடி என்ற சொல்லே இல்லை. சேர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன.

செரோக்கி தேசத்தின் மீது வந்த வயதுப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஆணையம் ஆவணங்கள் கேட்டது. தர முடியாது என்றது செரோக்கி தேசம். 1989இல் பத்தாவது வட்டார நீதிமன்றம் பழங்குடியின் பக்கம் நின்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது 1835ஆம் ஆண்டின் நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தை. செரோக்கி மக்களில் ஒரு சிறு குழு கையெழுத்திட்டு, பெரும்பான்மையோர் எதிர்த்த ஒப்பந்தம் அது. அதைக் காட்டித்தான் 1838இல் அவர்களை ஜார்ஜியாவிலிருந்து ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்தே செத்தார்கள். புதிய நிலத்தில் உங்களை நீங்களே ஆண்டுகொள்ளலாம் என்ற உறுதிமொழியும் அந்தத் தாளில் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு நீதிமன்றம் அந்த உறுதிமொழியை எடுத்து, நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொல்லாமல் இதைப் பறிக்க முடியாது என்றது. பழங்குடி அரசுகள் தங்கள் ஆட்சியுரிமையை ஏன் அணு அணுவாகக் காக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு தாளே போதும். அந்த உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அப்படிப்பட்டது.

மேற்கே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் வேறு வழியில் போகிறது. பொதுவான கூட்டாட்சிச் சட்டம் பழங்குடிக்கும் பொருந்தும் என்பதுதான் அங்கே தொடக்கம். பழங்குடியின் முழுக்க உள்விவகாரம், ஒப்பந்த உரிமை, விலக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் நினைத்ததற்கான சான்று ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டினால்தான் விலக்கு. கூர் டலேன் பழங்குடிப் பண்ணையின் தொழிலாளர் பாதுகாப்பு வழக்கில் 1985இல் வந்த அளவுகோல் இது. இதே அளவுகோலை வைத்து, 2001இல் கலிபோர்னியாவின் காருக் பழங்குடி வீட்டுவசதி வாரியத்தின் மீது வந்த வயதுப் புகார் பழங்குடிக்கும் அதன் சொந்த உறுப்பினருக்கும் இடையிலான உள்விவகாரம், ஆணையம் தலையிட முடியாது என்று தீர்ப்பானது. எட்டாவது வட்டாரமும் 1993இல் ஃபான் டு லாக் பழங்குடியின் கட்டுமான நிறுவனத்தைப் பற்றி இதே முடிவுக்குத்தான் வந்தது.

ஆக, வயதுப் புகார் வரும்போது பழங்குடி அரசு முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்: புகார் தந்தவர் நம் உறுப்பினரா, வெளியாரா? செய்த வேலை ஆட்சிப் பணியா, வணிகமா? நாம் எந்த வட்டார நீதிமன்றத்தின் கீழ் வருகிறோம்? சான் மானுவல் பழங்குடியின் காசினோவுக்கு எதிரான தொழிற்சங்கச் சட்ட வழக்கில் 2007இல் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடிக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அங்கு வேலை செய்பவர்களும் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் வெளியார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான வெளியாரை வேலைக்கு வைத்துக்கொண்டு, இது எங்கள் குடும்ப விவகாரம் என்று சொன்னால் நீதிபதிகள் ஏற்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பதின்மூன்று ஆண்டு வழக்கு

பழங்குடி அரசு நேரடியாக முதலாளியாக இல்லாதபோதும் அதன் கொள்கையே நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். அரிசோனாவில் நவஹோ நிலத்தில் பீபாடி நிறுவனம் நிலக்கரி வெட்டியது. 1960களில் போட்ட குத்தகை ஒப்பந்தத்தில், வேலையில் நவஹோக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று இருந்தது. கூட்டாட்சி உள்துறை ஒப்புதல் தந்த ஒப்பந்தம். ஹோப்பி உள்ளிட்ட பிற பழங்குடியினர் வேலை கேட்டுக் கிடைக்காமல் புகார் தந்தார்கள். பூர்வகுடிகளுக்கு முன்னுரிமை தரலாம், ஆனால் ஒரு பழங்குடியை ஒதுக்கி இன்னொரு பழங்குடியைத் தேர்ந்தால் அது பூர்விகப் பாகுபாடு என்று சொல்லி ஆணையம் 2001இல் பீபாடி மீது வழக்குப் போட்டது.

வழக்கு ஒன்பதாவது வட்டார நீதிமன்றத்துக்கு மூன்று முறை போனது. நவஹோ தேசத்தின் ஒப்பந்தம் பற்றிய வழக்கில் நவஹோ தேசம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால் அதையும் வழக்கில் சேர்த்தார்கள். கடைசியில் 2014இல், நவஹோ தேசத்தின் உறுப்பினர் என்பது அரசியல் நிலை, பூர்விகம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் போட்ட அடித்தளம் நாற்பது ஆண்டு கழித்துப் பலன் தந்தது. தங்கள் நிலத்தடியில் உள்ள கரியைத் தோண்ட விட்டவர்கள், அந்த வேலையாவது தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று கேட்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே சமயம் வேலை கேட்டு வந்த ஹோப்பிக்காரரும் பூர்வகுடிதான். அவருடைய ஏமாற்றத்துக்கு இந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

அதிகாரிகள் ஒன்றை மறக்கக் கூடாது. அரசுக்கு உள்ள பாதுகாப்பு அவர்களுக்கும் எப்போதும் கிடைக்கும் என்று நினைக்க முடியாது. மோஹிகன் காசினோ ஓட்டுநர் ஒருவர் பணியில் இருந்தபோது பழங்குடி நிலத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் விபத்து நடந்தது. ஓட்டுநர் மீது தனிப்பட்ட முறையில் போட்ட வழக்குக்குப் பழங்குடியின் விலக்கு தடையாகாது, இழப்பீட்டைப் பழங்குடி அரசே ஏற்பதாக இருந்தாலும் கூட, என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்த வழக்கு பாகுபாடு பற்றியது அல்ல. ஆனால் தனி நபர் மீது கை வைக்க அனுமதிக்கும் சட்டம் எதுவானாலும் மேலாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேட்க ஒரு ஆள்

வழக்கு தள்ளுபடியானதும் வழக்கறிஞர் கோப்பை மூடிவிடுவார். பழங்குடி அரசு மூடக் கூடாது. தள்ளுபடி மனு தாக்கலாகும் அதே வாரத்தில் உள்விசாரணை தொடங்கியிருக்க வேண்டும் என்பேன். புகாரில் சொல்லப்பட்ட மேலாளர் உண்மையிலேயே இழிவாகப் பேசினாரா, கருவுற்ற பெண்ணை வேலையிலிருந்து தள்ளினாரா என்பதற்கு விலக்கு உரிமை பதில் சொல்வதில்லை. அவர் நாளையும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், அடுத்த ஊழியர் நாளையும் அவருக்குக் கீழேதான் வேலை செய்வார்.

சட்டக் கடமையும் இல்லாமல் இல்லை. பழங்குடி அரசும் முறையான விசாரணை, சமமான சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைத் தர வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் பூர்வகுடிக் குடிமை உரிமைச் சட்டம் சொல்கிறது. 1978 சான்டா கிளாரா தீர்ப்புக்குப் பிறகு அதைப் பெரும்பாலும் பழங்குடி நீதிமன்றத்தில்தான் கேட்க முடியும். எனவே அந்த நீதிமன்றத்துக்குக் காதும் கையும் இருக்க வேண்டும். சில மாநிலங்களில் காசினோவுக்கான உடன்பாட்டிலேயே இது வந்துவிட்டது. 1999இல் கலிபோர்னியா போட்ட உடன்பாடுகளில், பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சி, மாநிலச் சட்டங்களுக்குக் குறையாத விதிகளைப் பழங்குடி அரசு தானே இயற்றிப் பின்பற்ற வேண்டும் என்று உள்ளது. பூர்வகுடிகளுக்கான முன்னுரிமை மட்டும் அதிலிருந்து விலக்கு.

சிறந்த முன்மாதிரி நவஹோ தேசம்தான். 1985இல் அது இயற்றிய வேலை முன்னுரிமைச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் நவஹோ ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. புகாரை விசாரிக்கத் தொழிலாளர் உறவு அலுவலகம், அதற்கு மேல் தொழிலாளர் ஆணையம், அதற்கும் மேல் நவஹோ உச்ச நீதிமன்றம் என்று படிகள் உள்ளன. கூட்டாட்சிச் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு அரசு சொல்லும்போது அதைவிட உறுதியான சட்டத்தைக் காட்டினால், எதிர்வாதம் செய்ய யாருக்கும் வாய் வராது.

கனெக்டிகட் மாநிலத்தின் மஷான்டக்கெட் பீக்வாட் பழங்குடியின் அனுபவமும் பயனுள்ளது. அதன் ஃபாக்ஸ்வுட்ஸ் காசினோவில் சீட்டாட்ட மேசை ஊழியர்கள் 2007இல் தொழிற்சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் தன் நிலத்தில் செல்லாது என்று பழங்குடி அரசு எதிர்த்தது. ஆனால் எதிர்ப்போடு நிற்கவில்லை, சொந்தமாகத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. ஊழியர்கள் தேர்ந்த வாகனத் தொழிலாளர் சங்கமும் அந்தச் சட்டத்தின் கீழ் பேசச் சம்மதித்தது. 2010இல் முதல் கூலி ஒப்பந்தம் பழங்குடிச் சட்டப்படியே கையெழுத்தானது. இரு தரப்பும் தங்கள் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியதால் அது நடந்தது.

இதில் ஒரு நடைமுறை நெருக்கடியும் உண்டு. எந்த நேரத்திலும் நாடாளுமன்றம் தெளிவான சொற்களில் ஒரு சட்டம் இயற்றி இந்த விலக்கை எடுத்துவிட முடியும். 2023இல் லாக் டு ஃப்ளாம்போ வழக்கில், திவால் சட்டம் பழங்குடிகளின் விலக்கையும் நீக்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பழங்குடிகள் என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லாமலேயே சொன்னது. ஊழியர்களின் புகார்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று செய்தி பரவப் பரவ, விலக்கை நீக்கு என்ற குரலுக்கு வலு கூடும்.

நவஹோவைப் போல எல்லோரிடமும் பெரிய நீதித்துறை இல்லை. சில நூறு உறுப்பினர்களே உள்ள பழங்குடியில் நீதிபதியும் மேலாளரும் புகார்காரரும் உறவினர்களாக இருப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் வாஷிங்டன் மாநிலத்தில் பல சிறு பழங்குடிகள் சேர்ந்து வடமேற்குக் கூட்டு நீதிமன்ற அமைப்பை நடத்துகின்றன. தென்மேற்கிலும் பழங்குடிகளுக்கான கூட்டு மேல்முறையீட்டு மன்றம் உண்டு. அதுவும் கைக்கு எட்டாவிட்டால், அயல் பழங்குடியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரியை அழைக்கலாம். ஊழியர் கையேட்டில் நான்கு விஷயங்களைத் தெளிவாக எழுத வேண்டும்: புகாரை யாரிடம் தருவது, எத்தனை நாளுக்குள் விசாரணை முடியும், அதில் வென்றால் என்ன கிடைக்கும், புகார் தந்தவரைப் பழிவாங்கினால் என்ன தண்டனை. இழந்த சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, அந்த அளவுக்கு மட்டும், சொந்த நீதிமன்றத்தில் மட்டும் வழக்கு விலக்கை விட்டுக்கொடுக்கவும் பழங்குடி மன்றம் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்துக்கு வெளியார் யாருடைய அனுமதியும் தேவையில்லை.